களிக் குண்டானில் நாலு கம்பி

இப்போது யாரும் கை கழுவுவதில்லை. பதினோரு வருடமாகக் கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரிலேயே கேன்டீன். எல்லாம் தெரியும். ஒரு கையில் போன். அந்தக் கண்ணாடியைத் தேய்த்த விரலால் மூக்கைத் தேய்க்கிறார்கள், அதே விரலைச் சாம்பார் சோற்றில் விடுகிறார்கள். குழாய் நாலடி தூரத்தில் இருக்கிறது. போக மாட்டார்கள். கேட்டால் சின்ன பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். சென்ட் வாசம் அடிக்கிற தண்ணீர். அதில் ஒரு சொட்டுத் தடவினால் போதுமாம். யாரை ஏமாற்றுகிறார்கள்?

இதைத்தான் அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸிலும் சொன்னேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஓசூருக்குத் திரும்புகிற பஸ். சானமாவுக் காட்டு ஓரம், மணி பதினொன்றே முக்கால். முன்னால் ஆனை ரோடு தாண்டுகிறது என்று ஃபாரஸ்ட் ஆட்கள் டார்ச் காட்டி நிறுத்திவிட்டார்கள். லைட்டை அணை, எஞ்சினை அணை, வாயை மூடு என்றார்கள். டிரைவர் சின்னராஜ் எல்லாவற்றையும் அணைத்தான். ஒன்பது பேர் இருந்தோம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடு சீட்டுகளில் நெருக்கி உட்கார்ந்தோம். வெளியே மூங்கில் முறிகிற சத்தம். ஆனை லத்தி வாசம்.

எனக்கு முன் சீட்டில் மாதேஸ்வரி. அசெம்பிளி லைனில் சூப்பர்வைசர், தர்மபுரிக்காரி, வாய் நீளம். அப்போதும் முறுக்கு தின்றுகொண்டுதான் இருந்தாள்.

"கை கழுவினியாம்மா?" என்றேன்.

"ஆனை மிதிக்க வருது, உங்களுக்குக் கை கழுவுறதுதான் கவலையா? சீட்டுக் கம்பியத் தட்டாதீங்க தாத்தா, தலைக்குள்ள அடிக்குது."

நான் தட்டவில்லை. அதைச் சொல்லிவிட்டு, முனிராஜ் கதையைச் சொன்னேன். பேய்க் கதை என்று நினைத்துக் கேட்டார்கள். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. எனக்கு மனிதன் மேலேயே நம்பிக்கை கிடையாது.

ராத்திரி மணி மூன்றே கால். மெயின் ரோட்டிலிருந்து கெலவரப்பள்ளி அணைக்குத் திரும்புகிற ரோடு. ஆள் இல்லை, வண்டி இல்லை. ஆற்றில் நுரை வந்த நாள்... சோப்பும் சாக்கடையும் கலந்த நாற்றம் ரோடு வரைக்கும் நிற்கிறது. ஒரு வெள்ளை வேன் அவனை இறக்கிவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டது. முதுகில் கருப்புப் பை. பைக்குள் கிட்டார். அவன் நடக்கிறான். நடக்க நடக்க, பைக்குள் ஒரு கம்பி... டும்... என்கிறது. கல் இடித்திருக்கும் என்று நினைக்கிறான். இன்னும் நாலு அடி. டும்...

அவன்தான் முனிராஜ். என் கூட்டாளி கரியப்பனின் தங்கை மகன். கரியப்பனும் நானும் ஒரே கேட்டில் வாட்ச்மேன். அவன் தங்கை நஞ்சம்மா அணைக்குப் பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் பூ தரம் பிரிக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன்.

அந்த மகன் வாசித்தது பேஸ் கிட்டார். நாலே கம்பி. சைக்கிள் பிரேக் ஒயர் கனம் இருக்கும் ஒவ்வொன்றும். அதன் சத்தம் காதுக்கு வராது, வயிற்றுக்கு வரும். மேடையில் பாடுகிறவனைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். இவனை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். இவன் நின்றால்தான் என்னமோ குறைகிறதே என்று தேடுவார்கள். அப்படி ஒரு வேலை.

"அப்ப நம்ம மாதிரிதான்," என்றான் சின்னராஜ்.

நம்ம மாதிரிதான். அதிலும் அவன் பதிலி ஆள். பர்மனெண்ட் ஆள் லீவு போட்டால் உள்ளே விடுவார்களே, அந்த மாதிரி. முதலில் சேர்ந்த குரூப்புக்குப் பெயர் செகண்ட் ஷிப்ட். அப்ரண்டிஸ் பசங்கள் நாலு பேர், அதில் ஒருத்தன் புனேவுக்குப் போன இடத்தில் இவன். சிமெண்ட் ஷீட் கொட்டகையில் ராத்திரி ராத்திரி வாசிப்பார்கள். அக்கம்பக்கத்தார் கல் விட்டு எறிந்தார்கள். கடைசியில் நாலு பேருக்கும் வேறு வேறு ஷிப்ட் போட்டதில் குரூப் தானாகச் செத்தது. அடுத்தது அத்திப்பள்ளிக்காரர்கள். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு கத்துவார்கள். லாடம் அடிக்கிற மாடு கூட அப்படிக் கத்தாது. அங்கே பேஸ் வாசிப்பவன் கல்யாணம் ஆகிப் போயிருந்தான். எட்டு மாதத்தில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுத் திரும்பி வந்துவிட்டான். "நீ கெளம்பு மச்சா" என்று வாசலிலேயே வைத்துச் சொன்னார்கள். மூன்றாவது, எலக்ட்ரானிக் சிட்டி கம்ப்யூட்டர் ஆட்கள். குடிக்கிற இடத்தில் சனிக்கிழமை மட்டும் வாசிப்பு. பெட்டி தூக்குவதும் இவன்தான். அவர்களோடு எடுத்த போட்டோவைக் கரியப்பனிடம் காட்டினான். நாலு பேர் முழுசாக இருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை இவன்.

"எப்பத்தாண்டா உன் மூஞ்சி வரும்?" என்று கேட்டான் கரியப்பன்.

"வரும் மாமா. எங்கியாச்சும் ஒரு எடத்துல பர்மனெண்ட் ஆவணும். பாட்டு ரிலீஸ் ஆவறப்போ, பேஸ் கிட்டார்னு போட்டுக் கீழ எம்பேரு வரணும். அது போதும்."

ஐ.டி.ஐ. படித்தவன். லேத்தில் நிற்க வேண்டியவன். இருபத்தொன்பது வயது. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நாலாவது குரூப் பெங்களூரில். அண்டர்பாஸ் என்று பெயர். கொஞ்சம் பேர் வாங்கிய குரூப். அங்கே பேஸ் வாசித்தவன் ஹரீஷ்குமார். அவன் போனது இந்த ரோட்டில்தான். நாம் நிற்கிற வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்.

மாதேஸ்வரி முறுக்கை மென்றது மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

சேலத்தில் ஏதோ காலேஜில் புரோகிராம். விடியற்காலம் வேனில் போகிறார்கள். நாலு பேரும் டிரைவரும். ஒன்றுக்குப் போக இங்கே நிறுத்தினார்கள். எல்லோரும் ஏறியாயிற்று என்று வேன் கிளம்பியது. சூளகிரி போய் டீக்கடையில் ஐந்து டீ சொன்னார்கள். நாலு டீயை எடுத்தார்கள். ஐந்தாவது டீ பலகை மேல் இருந்தது... ஆறியது... மேலே ஆடை படிந்தது. அப்போதுதான் ஒருத்தன் கேட்டான், ஹரீஷ் எங்கே என்று.

திரும்பி வந்து பார்த்தபோது எந்த வண்டி அடித்தது என்று கூடத் தெரியவில்லை. வேனுக்குள் கிட்டார் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஒரு மனிதன் வண்டியில் இல்லை என்று தெரிய ஐந்தாவது டீ வேண்டியிருந்தது. அவர்கள் லட்சணம் அது.

அந்த இடத்துக்கு முனிராஜை எடுத்தார்கள். தலைவன் பெயர் குருமூர்த்தி. பாடுகிறவன். தாடி, கண்ணாடி, மெதுவான பேச்சு. ஹரீஷின் கிட்டாரையே இவன் கையில் கொடுத்தான்.

"இதத்தான் நீ வாசிக்கணும். கம்பிய மட்டும் மாத்தாத மச்சா. ஹரீஷ் ஏழு வருஷமா மாத்தல. இந்த அழுக்குலதான் எங்க சத்தமே இருக்கு."

பேஸ் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தானாம். புதுக் கம்பி கணீர் என்று மணி மாதிரி ஒலிக்கும், பழைய கம்பிதான் மொத்தென்று வயிற்றில் விழும் என்பார்களாம். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அழுக்கு. அந்தக் கம்பி நேராகச் செய்த கம்பி இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிய கம்பி. ஒவ்வொரு சுற்றின் இடுக்கிலும் செத்தவனின் வியர்வை, எண்ணெய், விரலில் உரிந்த தோல். ஏழு வருட அழுக்கு. அதை இவன் தினம் ஆறு மணி நேரம் தடவுகிறான்.

முனிராஜுக்கு அருவருப்புதான். வாசித்து முடித்தால் வலது கையில் இரண்டு விரல் நுனி கருப்பாக இருக்கும். ஆள்காட்டி விரல், நடு விரல். சோப்பு போட்டான், மண்ணெண்ணெய் போட்டான். போகவில்லை. மோந்து பார்த்தால் டவுன் பஸ் கைப்பிடி வாசம். ஒருநாள் கம்பி இடுக்கில் என்னமோ நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் எடுத்தான். தோல். காய்த்துப்போன, மஞ்சள் தோல். தன் விரலைப் பார்த்தான். எங்கேயும் உரியவில்லை.

இன்னொன்றும் சொன்னான். பாட்டில் இவன் ஒன்று வாசிக்க நினைப்பானாம். விரல் வேறொன்று வாசிக்குமாம். குருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பானாம்.

பாட்டு ரெக்கார்டிங்குக்கு நாள் குறித்தார்கள். முடிந்ததும் பெயர் போடுகிறோம், நீ பர்மனெண்ட் என்று குருமூர்த்தி சொன்னான். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்த ராத்திரி. டும்... டும்... என்று முதுகில் கேட்டபடியே வீட்டுக்கு வந்தவன், பையைத் திறந்து கிட்டாரைத் துணியால் துடைத்தான். துணி ஈரமாயிற்று. அன்று மழை இல்லை. வியர்வை நாற்றம்... அவனுடையது இல்லை.

அவனால் தாங்க முடியவில்லை. கம்பியைக் கொதிக்க வைத்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

"கம்பியக் கொதிக்க வைக்கறதா?" என்றாள் மாதேஸ்வரி.

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கம்பியைக் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் அழுக்கு விட்டுவிடும், புதுசு மாதிரி ஆகிவிடும். முன்னாலும் செய்திருக்கிறான். அதற்கென்று கொல்லையில் ஒரு பழைய அலுமினியச் சட்டி இருந்தது. அன்று இருட்டில் அது கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்தது அம்மாவின் களிக் குண்டான்.

தண்ணீர் கொதித்தது. நாலு கம்பியைச் சுருட்டிப் போட்டான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் சாம்பல் நிறம் ஆனது. மேலே எண்ணெய் மாதிரி படலம்... அதன் மேல் சின்னச் சின்னதாக வெள்ளைத் துணுக்கு மிதந்தது. ஈரத் துண்டை மூட்டை கட்டி வைத்துப் பிரித்தால் ஒரு வாடை வருமே... அதில் இரும்பையும் கலந்த வாடை. வாந்தி எடுத்தான். கரண்டியால் கம்பிகளை எடுத்துத் துணியில் உதறினான். பளபளவென்று வெள்ளி மாதிரி இருந்தன. தண்ணீரைக் கொட்ட வேண்டும். குண்டான் கை வைக்க முடியாத சூடு. ஆறட்டும் என்று தட்டைப் போட்டு மூடினான். கட்டிலில் சாய்ந்தான். தூங்கிவிட்டான்.

நாலரை மணிக்கு நஞ்சம்மா எழுந்தாள். கரண்டு இல்லை. அடுப்பு மேல் குண்டான், மூடியிருக்கிறது, தொட்டால் சூடு. அந்த வீட்டில் காலையில் அந்தக் குண்டானில் ஒரே ஒரு வேலைதான் நடக்கும். உலை. அவள் என்ன நினைப்பாள்?

அன்று காலை நைட் டூட்டி முடித்துக் கரியப்பன் வண்டியில் நானும் போயிருந்தேன், அந்தப் பக்கம் ஒரு மூட்டை ராகி வாங்க. வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? சிரிப்பு. அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணா, எம்மவன் எனக்கு உலை வெச்சிருக்கான்னா. பொறந்து இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான். வந்த அலுப்புல படுத்துட்டான், பாவம். மாவு போட்டுக் கிளறிட்டேன். ரெண்டு பேரும் சாப்புடுங்க."

களி கருப்பு. அதில் எது தெரியும்? தட்டு வைத்தாள், உருண்டை வைத்தாள், அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினாள். கரியப்பனுக்குச் சனிக்கிழமை விரதம், தனக்கு வேண்டாம் என்று எழுந்துவிட்டான். அவள் உட்கார்ந்து வயிறு நிறையத் தின்றாள். "உப்புப் போட மறந்துட்டேன்" என்றாள். உப்பு இருந்தது. நல்ல உப்பு. கூடவே ஒரு ருசி, நாக்கடியில் காசு வைத்த மாதிரி. தொண்டையில் இறங்கும்போது சூடு இறங்குவது தெரியும், ஆனால் வயிற்றுக்குப் போன பிறகும் அது நகர்ந்துகொண்டே...

"தாத்தா," என்றாள் மாதேஸ்வரி. "அந்த ருசி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நஞ்சம்மா சொன்னா."

"நீங்க தின்னீங்களா?"

"நாய்க்குப் போட்டேன். கேக்கறியா, நான் எறங்கிப் போவட்டுமா?"

"ஆனை நிக்கிது, எங்க எறங்குவீங்க?" என்றான் சின்னராஜ். "சொல்லுங்க பெரியவரே."

முனிராஜ் எழுந்தபோது குண்டான் கழுவிக் கவிழ்த்திருந்தது. என்ன நடந்தது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சொன்னானா? சொல்லவில்லை. கம்பியை மாட்டிக்கொண்டு, குறித்த நாளில் ரெக்கார்டிங்குக்குப் போனான்.

முதல் தடவை கம்பியை இழுத்தான். கணீர் என்று கேட்டது. கோயில் மணி மாதிரி. டிரம்ஸ் அடிக்கிறவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். குருமூர்த்தி கத்தவில்லை. பக்கத்தில் வந்து கம்பியை மோந்து பார்த்தான்.

"கொதிக்க வெச்சியா?"

"ஆமாண்ணா."

"தண்ணிய எங்க கொட்டுன?"

அதைத்தான் கேட்டான். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. தண்ணீரை எங்கே கொட்டினாய். முனிராஜ் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே வெள்ளை வேன் கெலவரப்பள்ளிக்கு வந்தது.

நஞ்சம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை கதவு மேல். கட்டை விரலைக் கதவு விளிம்பில் ஊன்றி, ஆள்காட்டி விரலும் நடு விரலும் மாறி மாறி... டும். டும்-டும். டும். பழைய பலாமரக் கதவு. அந்தச் சத்தம் வாசலில் நின்றவன் வயிற்றில் விழுந்தது. அவள் பாட்டுக்கு எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தாள், வாங்க, காபி குடிக்கிறீங்களா, எந்த ஊரு என்று. அவள் பேச்சு ஒரு பக்கம். கை ஒரு பக்கம்.

"காலையிலருந்து கை தானா ஆடுது கண்ணு. வாயுவா இருக்கும்," என்றாள். வெட்கப்பட்டு முந்தானைக்குள் கையை மறைத்தாள். முந்தானை ஆடியது.

டிரம்ஸ்காரன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஹரீஷ்..." என்றான்.

நல்லவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பான். பூசாரியிடமாவது கூட்டிப் போயிருப்பான். குருமூர்த்தி வேனிலிருந்து மைக்கை எடுத்து வந்தான். முனிராஜைத் தனியாகக் கூப்பிட்டு, காதில் ஏதோ சொன்னான். உன் பெயர்தான் வரும், நீதான் பர்மனெண்ட், இது வெளியே தெரிய வேண்டியதில்லை.

பிறகு மைக்கைக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்தான். யார்? பெற்ற மகன்.

நான் பேயைப் பார்த்ததில்லை. மகன் மைக் பிடித்ததை நேரில் பார்த்த கரியப்பன் சொன்னான். எனக்கு அதற்கு மேல் பேய் வேண்டாம்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பழைய பாட்டு முடிந்து புதுப் பாட்டும் வந்ததாம். செத்தவன் யோசித்து வைத்திருந்த பாட்டு. மூன்றாவது வாரத்தில் அவள் விரல் நுனித் தோல் போய்விட்டது. துணி சுற்றினாள். துணி சுற்றினால் சத்தம் மங்குகிறது என்று அவர்கள் அவிழ்த்தார்கள். "போதுங் கண்ணு, வலிக்குது," என்றாள் மகனிடம். "இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா," என்றான் இவன். ரோஜாத் தோட்டத்தில் இருபது வருடம் முள் குத்தி மரத்த கை. அதற்கே வலித்திருக்கிறது. ராத்திரியெல்லாம் கதவில் கேட்குமாம். அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்த் திறந்திருக்கிறார்கள்... ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

ஆறாவது ஞாயிறு விடியும் முன்பே போய்விட்டாள். கதவில் சாய்ந்தபடி. மாரம்மா என்று பக்கத்து வீட்டுக்காரி, அவள்தான் குளிப்பாட்டினாள். வெளியே வந்து கரியப்பனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, மேலெல்லாம் சில்லுன்னு இருக்குது. இந்த ரெண்டு வெரல் மட்டும் சூடா இருக்குதுன்னா."

எலும்பு தெரிந்தது. ரத்தம் இல்லை. கருப்பு. மஞ்சள் தேய்த்தார்கள், சீயக்காய் தேய்த்தார்கள். அந்தக் கருப்புப் போகாமலே எடுத்துப் போனோம்.

பாட்டு போனில் வந்தது. லட்சம் பேர் கேட்டார்களாம். கரியப்பன் மகள் படித்துக் காட்டினாள். பாடியவர் குருமூர்த்தி. டிரம்ஸ் இன்னார். பேஸ் கிட்டார்... ஹரீஷ்குமார். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி. உணவளித்து உபசரித்த முனிராஜ் குடும்பத்துக்கு நன்றி.

அவன் பெயர் வந்துவிட்டது. கேட்டது அதுதானே.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கரியப்பன் வீட்டில் இருந்தோம். முனிராஜ் மொட்டைத் தலையோடு எங்கள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்து அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. எச்சில் துப்பிவிட்டு வந்தேன். அப்போது வெள்ளை வேன் வந்தது. குருமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு, மாலை போட்டு, கும்பிட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"அந்தக் களிய வேற யாராவது சாப்ட்டாங்களா?"

கரியப்பன் என்னைப் பார்த்தான்.

"யாரும் சாப்புடல," என்றேன். "மிச்சத்த நாய்க்குப் போட்டுட்டாங்க."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எந்த நாய்ங்க? இப்ப இருக்குதா?"

அவ்வளவுதான் கதை. முனிராஜ் இப்போது வேறு ஏதோ குரூப்பில், யாரோ போன இடத்தில் நிற்கிறானாம். அவன் வாசித்தால் சத்தம் வருகிறதாம், வயிற்றில் விழுவதில்லையாம். வேன் மட்டும் இன்னும் அந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கரியப்பன் சொல்கிறான். நான் கெலவரப்பள்ளிக்குப் போவதில்லை. ராகி இங்கேயே கிடைக்கிறது.

பேய் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விஷத் தண்ணீரைக் குடித்து நரம்பு கெட்டவள் ஒருத்தி, அவளை வைத்துப் பிழைத்தவர்கள் நாலு பேர். அவ்வளவுதான்.

வெளியே டார்ச் மூன்று தடவை ஆடியது. ஆனை போய்விட்டது. சின்னராஜ் எஞ்சினைப் போட்டான், உள்ளே லைட் எரிந்தது. ஒருத்தரும் அவரவர் சீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரி சீட்டின் பின்கம்பி. அதன் மேல் என் கை.

எடுத்துவிட்டேன்.

"வெரலு ஏன் தாத்தா கருப்பா இருக்குது?" என்றாள்.

"கேட்டோட துரும்மா. இத்தினி வருசமா இரும்புக் கேட்டத் தள்றேன். ஒட்டாம இருக்குமா?"

பேரண்டபள்ளியில் பஸ் நின்றது. என் ஸ்டாப். வழி விட வேண்டியவர்கள் ரொம்பவே தள்ளி வழி விட்டார்கள். இறங்கினேன். பஸ் நகரும்போது ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

"தாத்தா... நம்ம கம்பெனி கேட்டப் போன தீபாவளிக்கே பட்டன் அமுக்குனா தொறக்கற மாதிரி மாத்திட்டாங்களே..."

மாற்றினால் என்ன? கேட் இல்லாவிட்டால் சைக்கிள் இருக்கிறது, பைப்பு இருக்கிறது, வீட்டுத் தகரக் கதவு இருக்கிறது. ஓசூரில் துருவுக்கா பஞ்சம்? முறுக்குத் தின்ற கையைச் சீட்டில் துடைத்தவள், என் கையைப் பற்றிப் பேச வந்துவிட்டாள்.

நடந்தேன். வீட்டுக்குப் போனதும் புளி போட்டுக் கழுவ வேண்டும். நேற்றும் புளிதான் போட்டேன். ரோட்டில் ஆள் இல்லை. பின்னால் ஒரு வேன் வருகிற மாதிரி இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் வேன் வரத்தான் வரும். கையைச் சட்டை ஜோபிக்குள் விட்டுக்கொண்டேன். ஜோபி ஆடிக்கொண்டே இருந்தது.

வாயுதான்.